குழியா? குன்றா?

கண் கெட்ட கதை சொல்லப் புகுந்தோம் என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! கண்ணைக் கண்ட கதையைச் சொல்லப் புகுகிறோம். காணும் கருவியாம் கண்ணுக்குள்ளேயே புகுந்து கண்டவர்கள் யார், எப்படிக் கண்டனர், கண்டபோது எதைத் தவறாகக் கண்டனர், அந்தத் தவற்றை எவ்விதம் திருத்திக்கொண்டனர் என்ற வரலாறு இது. அரசர் அரியணை ஏறியதும், ஏறியவரை இன்னொருவர் இறக்கியதுந்தான் வரலாறு என்று பாடநூல் பகர்கிறது. நாமும் அதைத்தான் நாள்தோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். நமக்குத் தரப்படும் சம்பளம் அதற்குத்தான்! எனினும், வகுப்பறைக்கு வெளியே நம்மை வாட்டிய ஒரு கேள்வி, வேறொரு வரலாற்றைத் தேடும்படி நம்மைத் துரத்திற்று.

ஐந்தாம் வகுப்பிலே நமக்குப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியர் ஒருவர். 'பெரிய வாத்தியார்' என்றுதான் ஊரே அழைக்கும். ஓய்வு பெற்ற பின்னரும் காலையில் நாளேட்டை முதற்பக்கத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்து அச்சகப் பெயர் வரையில் படித்து முடித்தாலன்றிக் காப்பி குடிக்கமாட்டார். அப்படிப்பட்டவர், நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்ளத் தொடங்கினார். திண்ணைப் படியில் தடுமாறினார். பக்கத்திலே வந்த மிதிவண்டியைக் காணாமல் மோதி விழுந்தார். "வயதாகிறது" என்றனர் வீட்டார். மூக்குக் கண்ணாடியை மாற்றினர், ஒருமுறையன்று, இருமுறை. "ஏடு படிக்க முடிகிறதே, எனக்கென்ன கண்ணிலே கேடு?" என்று கேட்டார் அவர். நியாயமான கேள்விதானே! நாமும் அன்று அப்படித்தான் எண்ணினோம்.

ஊருக்கு வந்த கண் மருத்துவ முகாமிலேதான் உண்மை வெளிப்பட்டது. வலக்கண்ணின் பார்வை நரம்பு ஏறக்குறைய மாண்டுவிட்டது. இடக்கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. எஞ்சியிருந்தது நடுவிலே ஒரு சாளரம். அந்தச் சாளரத்தின் வழியேதான் அவர் ஏடு படித்துக்கொண்டிருந்தார். அவரைச் சோதித்த இளம் மருத்துவர் கேட்டார்: "ஐயா, முன்னே எடுத்த கண் படம் ஏதாவது இருக்கிறதா?" ஏது படம்! யார் எடுத்தது? திருமணப் படம் உண்டு, பள்ளியின் பிரிவுபசாரப் படம் உண்டு, கண்ணின் படம் ஏது? "பழைய படம் இருந்தால் எவ்வளவு விரைவாகக் கெடுகிறது என்று சொல்லியிருப்பேன்" என்றார் மருத்துவர். ஊரார் வேறொன்று சொன்னார்கள், "தலையெழுத்து" என்று. தலையில் எழுதியதைப் படித்தவர் எவருமில்லை. கண்ணுக்குள்ளே எழுதப்பட்டுக்கொண்டிருந்ததையோ, படிக்கக் கூடியவர் இருந்தும் நாம் கொண்டுபோய்க் காட்டவில்லை.

'பழைய படம்'. அந்த இரு சொற்களுக்குப் பின்னே நூற்றெழுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு நிற்கிறது. அதைத்தான் தேடிப் படித்தோம்.

கண் அழுத்த நோய் என்று நாம் கூறுவதைக் 'கிளாகோமா' என்று கூறுவர் மருத்துவர். கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர். நீலமும் பச்சையும் கலந்து மங்கிய நிறத்தைக் குறிப்பது. பெயர் வைத்த பண்டையோருக்கு நோயின் இருப்பிடம் தெரியாது. குருடான கண்ணின் மணியிலே தெரிந்த மங்கல் நிறத்தைக் கண்டு பெயர் வைத்தனர். புரையும் இதுவும் பல நூற்றாண்டு காலம் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிசோ என்ற பிரெஞ்சு மருத்துவர், இறந்தவரின் கண்ணை அறுத்துப் பார்த்து, புரை என்பது கண்ணின் வில்லை மங்குவதே என்று காட்டினார். 1830இல் கிளாஸ்கோ நகரத்து வில்லியம் மெக்கன்சி, இந்த நோயில் கண் உருண்டை இறுகிக் கடினமாவதை எழுதி வைத்தார். ஆனால் உயிருள்ள கண்ணுக்குள்ளே நடப்பது என்ன? கதவு மூடிக்கிடந்தது. கண்மணி கருப்பு, கருப்புக்கு அப்பால் காண்பது எப்படி?

கண்மணி ஏன் கருப்பாகத் தெரிகிறது என்று கேட்டால், "அதன் நிறமே அதுதான்" என்று நம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லுவர். பிள்ளைகள் மட்டுமல்லர், பெரியவர்களுந்தான்! உண்மை அதுவன்று. கண்ணுக்குள் புகும் ஒளி, வந்த வழியே திரும்புகிறது. அதைக் காண வேண்டுமானால், ஒளி புறப்பட்ட இடத்திலேயே நம் கண்ணை வைக்க வேண்டும். அங்கே கண்ணை வைத்தாலோ, நம் தலை ஒளியை மறைத்துவிடும். அதனால் இருள், இருளால் கருப்பு. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர், ஜெர்மானியப் பெருநிலத்தின் கீழ்க்கோடியில், கோனிக்ஸ்பெர்க் நகரில் உடலியல் ஆசிரியராக இருந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1850இன் இறுதியில், 29 வயதில், மாணவர்க்குப் பாடம் நடத்த ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது பிறந்தது அந்த எண்ணம். பாடக்குறிப்பு எழுதும் வேலையை வெறுப்போடு செய்யும் நம்மனையோர் இதைச் சற்று நினைத்துப் பார்ப்பது நல்லது! மெல்லிய கண்ணாடித் தகடுகள், மூக்குக் கண்ணாடியின் வில்லை, அட்டை, பசை, இவ்வளவுதான் முதற்கருவி. தகடு பக்கவாட்டு விளக்கின் ஒளியைக் கண்ணுக்குள் திருப்பும். திரும்பிவரும் ஒளி அதே தகட்டை ஊடுருவிப் பார்ப்பவர் கண்ணை அடையும். 1851இல் நூலாக வெளியிட்டார். உயிருள்ள மனிதனின் விழித்திரையை, அதன் செந்நிறப் பரப்பை, கிளை விரிக்கும் குருதிக் குழாய்களை, பார்வை நரம்பு புறப்படும் வட்டை மனிதன் கண்ணாரக் கண்டான்.

இதற்கு மூன்றாண்டு முன்னரே, கணிக்கும் பொறி கண்ட சார்லஸ் பாபேஜ் இலண்டனில் இத்தகைய கருவி ஒன்றைச் செய்து கண் மருத்துவர் ஒருவரிடம் காட்டினார் என்பதும் வரலாறு. மருத்துவருக்கு அதில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் என்ன என்று கேளாமல் கருவியை ஒதுக்கி வைத்தார். ஒரு சிறு வில்லை சேர்த்திருந்தால் போதும்! கருவி இருந்தது, கேள்வி இல்லை. ஆதலின் கண்டுபிடிப்பும் இல்லை.

இனிப் பெர்லின். ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே. 1828இல் பிறந்தவர், 42 வயதில் மறைந்தவர். இருபத்தைந்து வயது நிரம்புமுன் தம் பெயரில் கண் மருத்துவமனை நடத்தியவர். 1854இல் கண் மருத்துவத்துக்கென்று தனி ஆய்விதழ் தொடங்கியவர். நம் வயதுதான் அப்போது அவருக்கு என்பதை எண்ணும்போது நமக்குச் சிறிது வெட்கமாகவும் இருக்கிறது. ஹெல்ம்ஹோல்ட்சின் கருவியைக் கையிலெடுத்துக் கண் அழுத்த நோயாளிகளின் கண்ணுக்குள்ளே பார்த்தார். பார்வை நரம்பின் வட்டு இயல்பாக இல்லை என்பதைக் கண்டார். என்ன கண்டார்? வட்டு வீங்கிப் புடைத்து நிற்கிறது, குன்றுபோல் மேலெழுந்திருக்கிறது என்று எழுதினார். வியன்னா நகரத்து எடுவார்ட் யேகர், கைதேர்ந்த ஓவியர், அவரும் 1854இல் அந்த வட்டை வரைந்து வெளியிட்டார். அவர் கருத்தும் அதுவே: வீக்கம்!

உண்மையில் அது குன்றன்று, குழி. புடைப்பன்று, பள்ளம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நரம்பு இழைகள் விழித்திரை முழுவதிலிருந்தும் வந்து கூடி, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த வட்டின் வழியே மூளைக்குப் புறப்படுகின்றன. வட்டின் நடுவே பெரும்பாலோருக்கு ஒரு சிறு குழி உண்டு. நோயினால் இழைகள் மடிய மடியக் குழி அகலும், ஆழும். சுற்றியுள்ள விளிம்பு மெலியும். குருதிக் குழாய்கள் விளிம்பில் வளைந்து குழிக்குள் இறங்கும். கிராஃபே கண்டது இந்த இறக்கத்தைத்தான். ஏற்றம் என்று எண்ணிவிட்டார்.

இமயமலை நிகர்த்த இருவர், ஒரே காட்சியை, ஒரே வகையாகத் தவறாகக் கண்டனர்! எப்படி நேர்ந்தது? ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கருவி அது. ஆழத்தை அறிய நமக்கு இரு கண் வேண்டும். ஒரு கண்ணால் பார்க்கும்போது நிழலையும் வளைவையும் வைத்து மனம் ஆழத்தை ஊகிக்கிறது. ஊகம் பிழைத்தால் பள்ளம் மேடாகும். ஐயமிருப்பின் நிலவின் குழிகளைக் காட்டும் படம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். குழிகளெல்லாம் கொப்புளங்களாக எழும்பி நிற்கும். நம் வகுப்பில் செய்து காட்டினோம். 'படத்தை மாற்றிவிட்டீர்கள்' என்று வாதிட்டான் ஒரு சிறுவன். அவனை நாம் கடிந்துகொள்ளவில்லை. கையில் கொடுத்து அவனையே திருப்பச் சொன்னோம்.

கிராஃபேயைத் திருத்தியவர் யார்? அவரைவிடப் பெரியவர் எவருமல்லர். அவரிடமே பயின்ற அடால்ஃப் வேபர் என்ற இளைஞர். அது பள்ளம் என்றார் வேபர். பார்ப்பவர் தம் நோக்கைச் சற்று இப்புறமும் அப்புறமும் நகர்த்தினால், அருகில் இருப்பது ஒருவிதமாகவும் ஆழத்தில் இருப்பது வேறுவிதமாகவும் இடம்பெயரும். ஓடும் வண்டியிலிருந்து பார்க்கும்போது அருகிலுள்ள தந்திக்கம்பம் விரைந்தோட, தொலைவிலுள்ள பனைமரம் மெல்ல நகருவதில்லையா, அதுபோல. அந்த முறையில் சோதித்தால் குழி குழியே என்பது விளங்கும். வூர்ட்ஸ்புர்க் நகரத்து உடற்கூற்று அறிஞர் ஹைன்ரிக் மியூலர், இறந்தவரின் கண்ணை அறுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து, பள்ளத்தைப் பள்ளமென்றே காட்டினார். ஓரிரு ஆண்டுக்குள் வழக்கு முடிந்துவிட்டது.

இங்கேதான் நாம் நின்று நோக்கவேண்டிய இடம். கிராஃபே என்ன செய்தார்? 'நான் சொன்னது சொன்னதுதான். நேற்று வந்தவன் எனக்குப் பாடம் புகட்டுவதா?' என்று சீறினாரா? இல்லை. தாம் நடத்திய இதழிலேயே, தாம் கண்டது தவறு என்று ஒப்புக்கொண்டார். குன்று என்றவர் குழி என்று எழுதினார். அதனால் அவர் புகழ் குன்றவில்லை. குழியென்று தெரிந்த பிறகுதான், அழுத்தம் பார்வை நரம்பை நெருக்குகிறது என்ற எண்ணம் உறுதிப்பட்டது. 1857இல், கருவிழிப் படலத்தின் ஒரு துண்டை வெட்டியெடுக்கும் அறுவை மூலம், திடீரென வலியோடு வரும் அழுத்த நோயைத் தடுக்கலாம் என்பதைப் பிரசல்ஸ் மாநாட்டில் அவர் எடுத்துரைத்தார். அதுவரையில் அந்த நோய் வந்தால் குருடுதான் என்றிருந்த நிலை அன்றோடு மாறிற்று.

ஆனால் வலியின்றி, அரவமின்றி, ஆண்டுக்கணக்கில் அரிக்கும் வகை ஒன்று உண்டே, பெரிய வாத்தியாருக்கு வந்தது போல? அதனைப் பிடிப்பதில்தான் படத்தின் பணி தொடங்குகிறது. இன்றைக்குக் கண்ட குழி, பிறவியிலேயே பெரிதாக அமைந்த குழியா, நேற்றுப் பெரிதான குழியா? ஒருமுறை பார்ப்பவர் சொல்ல முடியாது. குழி பெரிதாயிருந்தும் நோயே இல்லாதவர் பலர். சிறிதாயிருந்தும் நோயுற்றவர் சிலர். நேற்றைய குழியின் அடையாளம் கையில் இருந்தால்தான் இன்றைய குழி பேசும். வருகைப் பதிவேட்டில் ஒரு நாளைப் பார்த்து ஒரு பையனை ஒழுங்கற்றவன் என்று சொல்லலாமா? ஆண்டு முழுவதையும் புரட்டிப் பார்த்தால்தானே தெரியும்!

முதலில் ஓவியம் வரைந்தனர். யேகரின் 1869ஆம் ஆண்டுப் படத்தொகுப்பு இன்றைக்கும் வியந்து பேசப்படுவது. ஆனால் ஓவியம் எத்தனை நேர்த்தியாயினும் ஓவியன் கண்ட காட்சியே. அவன் குன்றென்று கண்டால் ஓவியத்திலும் குன்றே எழும். யேகரே அதற்குச் சான்று. ஆகவே புகைப்படம் தேவைப்பட்டது. 1886இல் இங்கிலாந்தில் ஜாக்மன், வெப்ஸ்டர் என்ற இருவர், உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் படம் பிடித்து வெளியிட்டனர். படப்பெட்டியை நோயாளியின் தலையிலேயே கட்டி, இரண்டரை நிமிடம் ஒளி பாய்ச்சி எடுத்த படம். இரண்டரை நிமிடம் கண் இமைக்காமல் இருக்க முடியுமா? படமும் அதற்கேற்ற தெளிவில்தான் இருந்தது. தூய படம் எடுக்க வியன்னாவின் டிம்மர் போன்றோர் பல்லாண்டு பாடுபட்டனர். ஸ்வீடன் நாட்டு நார்டென்சன் வகுத்த முறையில் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் 1920களில் செய்து விற்ற படப்பெட்டிக்குப் பின்னரே, மருத்துவமனைகளில் இது வழக்கத்துக்கு வந்தது. மின்னொளி வீச்சு வந்தது, வண்ணம் வந்தது. 1960களில், இரு கோணங்களில் ஒரே நேரத்தில் எடுத்து ஆழத்தையும் காட்டும் இரட்டைப் படப்பெட்டி வந்தது. வேபர் நோக்கை நகர்த்திக் கண்ட ஆழம், இரண்டு படங்களில் நிலைத்து நின்றது.

படம் வந்துவிட்டதே, இனிச் சண்டை ஏன் என்பீர்கள். படத்தைப் படிப்பவர் மனிதரல்லவா! 1976இல் அமெரிக்க மருத்துவர் பால் லிக்டர், ஒரே படங்களைத் தேர்ந்த வல்லுநர் பலரிடம் கொடுத்துப் பார்த்தார். குழி எவ்வளவு பெரிது என்பதில் வல்லுநருக்குள்ளேயே உடன்பாடு இல்லை! ஆனால், நேரில் பார்ப்பதைவிடப் படம் மேல் என்பதும் மறுக்க முடியாதவாறு பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது. கண் அழுத்தம் மிகுந்தும் நோய் இன்னும் தோன்றாத 1,636 பேரை அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த பேராய்வு ஒன்று உண்டு. ஆண்டுதோறும் நரம்பு வட்டைப் படமெடுத்தனர். நோய் முற்றுவதற்கு முன்னறிவிப்பாக, வட்டின் விளிம்பில் கீற்றுப்போல ஒரு சிறு குருதிக் கசிவு தோன்றுவதுண்டு. சில வாரங்களில் மறைந்துவிடும். கனடா நாட்டு ஸ்டீஃபன் டிரான்ஸ் 1970இல் வலியுறுத்திச் சொன்ன அடையாளம் அது. அந்த ஆய்வில் 128 கண்களில் இக்கசிவு கண்டறியப்பட்டதென 2006இல் அறிவித்தனர். அவற்றுள் நோயாளியை நேரில் சோதித்த மருத்துவரும் கண்டது 21 கண்களில் மட்டுமே. 107 கண்களில், பின்னர் படத்தை ஆற அமரப் பார்த்தவர்களே கண்டனர். சோதித்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், அனுபவம் மிக்கோர். கண் இமைக்கும், நோயாளி அசைவார், வாசலில் அடுத்தவர் காத்திருப்பார். படம் இமைப்பதில்லை.

அந்தப் பேராய்வு 2002இல் தந்த முதன்மை முடிவையும் சொல்லிவிடுவோம். அழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்களவு குறைக்கும் சொட்டு மருந்து பெற்றோரில், ஐந்தாண்டில் நோய் தோன்றியது நூற்றுக்கு 4.4 பேருக்கு, மருந்தின்றிக் கவனிக்கப்பட்டோரில் 9.5 பேருக்கு. பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் மருந்தில்லாதோரிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நோய் வரவில்லை என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது! அழுத்தம் மிகுந்தோரெல்லாம் நோயாளிகளல்லர். அழுத்தம் இயல்பாயிருந்தும் நரம்பு கெட்டவர் ஏராளம். ஆகவே அழுத்தம் என்ற எண் ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். நரம்பையே பார்த்தாக வேண்டும். நோய் தோன்றியோரில் பாதிக்குக் குறையாதோருக்கு, பார்வைப் பரப்பைச் சோதிக்கும் கருவி மாற்றம் காட்டுமுன், நரம்பு வட்டின் படமே மாற்றத்தைக் காட்டிற்று.

அது எப்படி என்பதற்கும் விடை கிடைத்தது. 1982இல் ஹாரி குயிக்லியும் உடன் உழைத்தோரும், இறந்தவர்களின் பார்வை நரம்பு இழைகளை எண்ணினர். வாழ்நாளில் எடுத்த பார்வைச் சோதனைக் குறிப்போடு ஒப்பிட்டனர். நூற்றுக்கு 40 இழை மாண்ட பின்னரும் சோதனையில் குறை தெரியாதிருக்கக் கூடும் என்பது புலப்பட்டது. படையில் நாற்பது விழுக்காடு மடிந்தும், கோட்டை வாயிலில் கொடி பறந்துகொண்டே இருக்கிறது! பெரிய வாத்தியார் ஏடு படித்ததும் அந்தக் கொடிதான். அப்படியானால், இழைகளின் அடுக்கையே நேரே அளக்க வழி உண்டா?

செந்நிறம் நீக்கிய ஒளியில் பார்த்தால் இழையடுக்கு வெண்பட்டுக் கோடுகளாகத் தெரியும். மடிந்த இடம் கரிய வகிடுபோல் தோன்றும். 1972இல் வில்லியம் ஹாய்ட் இதைக் கொண்டு நோயின் முதற்சுவட்டைக் காணலாம் என்றார். 1991இல் ஆல்ஃபிரட் சாமரும் உடன் உழைத்தோரும், பார்வைச் சோதனையில் குறை தோன்றுவதற்கு ஆறாண்டு முன்னரே பலருடைய படங்களில் அந்த வகிடு விழுந்திருந்ததை எடுத்துக் காட்டினர். ஆறாண்டு! ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்துவிடும் காலம்.

அதே 1991இல், நவம்பர் திங்களில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த குழு ஒன்று 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. டேவிட் ஹுவாங் அப்போது மாணவர். எரிக் ஸ்வான்சன் பொறியாளர். ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ பேராசிரியர். கண்ணைக் கத்தியால் தொடாமலே, அறுத்துப் பார்த்தது போன்ற குறுக்கு வெட்டுப் படத்தை ஒளியால் எடுக்கும் வழியை அவர்கள் காட்டினர். மியூலர் பிணக்கண்ணில் செய்ததை, இனி உயிருள்ள கண்ணில் செய்யலாம்! ஓ.சி.டி. என்ற மூன்றெழுத்தில் இன்று நம் ஊர்க் கண் மருத்துவமனைப் பலகைகளிலே தொங்குவது இதுதான்.

கிணற்றுக்குள் கூவினால் எதிரொலி வரும். அது திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கலாம். ஒலிக்குப் பதில் ஒளியை அனுப்பினால்? ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பாயும். அதன் எதிரொளியைக் காலங்கணிக்க எந்தக் கடிகாரமும் உதவாது. ஆகவே ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கண்ணுக்கும் மறு பாதியைத் தொலைவு தெரிந்த ஆடிக்கும் அனுப்பினர். இரண்டும் திரும்பிவந்து, ஒரே தொலைவு சென்றிருந்தால் மட்டும் ஒன்றோடொன்று கலந்து அடையாளம் காட்டும். அந்த அடையாளத்தைக் கொண்டு எந்த ஆழத்திலிருந்து ஒளி வந்தது என்று அறிந்தனர். தொடக்கக் கருவிகள் ஏறத்தாழ 10 மைக்ரான் வரை பிரித்துக் காட்டின. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2002இல் வந்த கருவி நொடிக்கு 400 கோடுகளை அளந்தது. அடுத்த தலைமுறைக் கருவிகள் சில ஆண்டுகளிலேயே இருபதாயிரத்தைத் தாண்டின. நலமுள்ள கண்ணில் நரம்பு வட்டைச் சுற்றியுள்ள இழையடுக்கின் தடிமன் சராசரியாக 100 மைக்ரானை ஒட்டியிருக்கும். ஒரு தலைமயிரின் அளவு! அந்த மயிரிழை ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மெலிகிறது என்று கணக்கெழுதலாம். ஹுவாங், ஸ்வான்சன், ஃபுஜிமோட்டோ மூவருக்கும் 2023இல் லாஸ்கர் விருது அளிக்கப்பட்டது.

கருவி வந்துவிட்டது, இனிக் கையெடுத்துக் கும்பிடவேண்டியதுதான் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கிராஃபேயின் கண் ஏமாந்தது போலவே கருவியும் ஏமாறும். அளந்த தடிமனை, நலமுள்ளோர் பலரின் அளவோடு ஒப்பிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டித் தருகிறது அது. கிட்டப்பார்வை மிகுந்தவரின் கண் நீண்டிருக்கும். இழையடுக்கு இடம் மாறி அமைந்திருக்கும். நோயே இல்லாமல் சிவப்பு விழும். 'சிவப்பு நோய்' என்றே மருத்துவர்கள் இதைக் கேலியாகக் கூறுவர். வேறொருவருக்கோ, நேற்று 110 இருந்தது இன்று 92 ஆகியிருக்கும், பெருங்கேடு நடந்திருக்கும், ஆயினும் ஊரார் சராசரிக்குள் இருப்பதால் பச்சை காட்டும்! புரை மங்கினால் அளவு பிறழும். ஒரு நிறுவனத்தின் கருவியில் எடுத்ததை இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு அப்படியே ஒப்பிட இயலாது. முதுமையாலும் அடுக்கு சிறிது சிறிதாக மெலியும். நோய் முற்றிய கண்ணிலோ 50 மைக்ரானை ஒட்டி வந்ததும் எண் நின்றுவிடும். இழை மாண்டாலும் தாங்குதிசு எஞ்சியிருப்பதால் அதற்குக் கீழே இறங்காது. அப்போது மீண்டும் பார்வைச் சோதனையைத்தான் நம்ப வேண்டும். ஆகையால் வண்ணத்தைப் பார்த்து அஞ்சுவதோ அகமகிழ்வதோ பயனில்லை. இந்தக் கண்ணின் முந்தைய அளவு என்ன, அதே கருவியில் எடுத்ததா, மாற்றம் கருவியின் தடுமாற்றத்தைவிடப் பெரிதா என்று கேட்க வேண்டும்.

முந்தைய அளவு! மீண்டும் அங்கேதான் வந்து நிற்கிறோம். நம் நாட்டில் அது எத்தனை பேரிடம் இருக்கிறது? 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பின்னாளில் நம் கிராமப்புறங்களில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைச் சோதித்து 2003இல் ஆய்வு வெளியிட்டது. நூற்றுக்கு 2.6 பேருக்குக் கண் அழுத்த நோய். அவர்களுள் மிகுதியானோருக்கு இருந்த ஓசையற்ற வகையை எடுத்துக்கொண்டால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தமக்கு அந்நோய் இருப்பதே அதுவரை தெரியாது. படம் எடுக்காததுகூடக் கிடக்கட்டும். கண்ணுக்குள் எவரும் எட்டிப் பார்த்ததே இல்லை! புரைக்கு முகாம் போடுகிறோம், வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கொடுக்கிறோம், நல்ல பணிதான். எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படித்துவிட்டவரை, 'உமக்கு ஒன்றுமில்லை, போம்' என்று அனுப்பிவிடுகிறோமே, அவர்களுள் எத்தனை பெரிய வாத்தியார்கள்? இழந்த இழை மீளாது. எஞ்சியதைக் காக்கத்தான் மருந்தும் அறுவையும். ஹெல்ம்ஹோல்ட்சின் கருவியின் வழிவந்த எளிய கைவிளக்கு, ஒரு மருத்துவர், ஐந்து நிமிடம். முதற்பார்வைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

பெரிய வாத்தியாருக்கு இப்போது நாளேட்டை அவருடைய மகள் படித்துக் காட்டுகிறார். தலைப்பிலிருந்து அச்சகப் பெயர் வரையில், ஒன்றும் விடாமல்! பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னோம். "எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது, தம்பி" என்றார் அக்கா. தந்தையின் சொற்களே! தந்தையார்தான் கடிந்துகொண்டார், "நானும் அப்படித்தான் சொன்னேன், போய்ப் பார்த்துவிட்டு வா" என்று. சென்ற திங்களில் நாமே உடன் சென்றோம். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு, நரம்பு வட்டைப் படமெடுத்து, இழையடுக்கையும் அளந்தனர். வலக்கண் 94, இடக்கண் 91. "இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார் அக்கா. "இன்றைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை அம்மா, அடுத்த ஆண்டு இதே கருவியில் எடுத்துப் பார்ப்போம்" என்று கூறிய மருத்துவர், தாளின் மேல்மூலையில் தேதியைப் போட்டு, 'முதற்படம்' என்று எழுதிக் கொடுத்தார். திருமணப் படம் இருக்கும் பெட்டியிலேயே அதையும் வைத்திருக்கிறார்கள்.